நூல் பிடித்தாற்போல்

“அப்போ அலைன்மென்ட்டுன்னா நூலுன்னு சொல்றியா?”

“நூலு இல்ல மாமா. வரிசையா, நேரா நிறுத்துறது. ஆனா அந்த வார்த்தை பொறந்ததே நூல்லதான். லத்தீன்ல லீனியான்னா ஆளிச்செடி நார்ல திரிச்ச நூலு. அத இழுத்துப் புடிச்சி நேர் பாத்தாங்க. அதான் லைனு. லைனுக்குக் கொண்டாந்தா அலைன்மென்ட்டு.”

“நாமளுந்தான் நூல் புடிச்சா மாதிரின்றோம். இதுக்கு லத்தீன் வரைக்கும் போவணுமா?” என்று சிரிக்கப் பார்த்தான் சந்தியாவின் கணவன் ஹரிபாபு. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எலும்பு வைத்தியரின் வாசல் பெஞ்சில் சந்தியா மடியில் கிடந்த எக்ஸ்ரே உறையைத் தடவினாள். கூட வந்த சீட்டில், மணிக்கட்டில் அலைன்மென்ட் சரியில்லை என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நகரியிலிருந்து புத்தூர் வரை பஸ்ஸில் போனைத் துழாவிக்கொண்டே வந்தாள். எலும்பை நினைக்காமலிருக்க அது ஒரு வழி.

நகரியில் அவளுக்கு விசைத்தறியில் வேலை. அறுந்த இழையை இரண்டு விரலால் உருட்டி அவள் முடிச்சுப் போட்டால், அடுத்த நொடி தறி ஓடும். ஆடி மாதம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியும் மூங்கில் பட்டையும் வைத்து இதே வைத்தியர்தான் கட்டினார். நாற்பது நாள் அவிழ்க்கக் கூடாது என்றார்.

பதினெட்டாம் நாள், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஹரிபாபு வந்து நின்றான். கட்டோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். கத்தரிக்கோலை எடுத்துவந்தது அவன். கையை நீட்டியது அவள். அங்கே கைப்பழக்கம் பார்க்கப் பொடிப்பொடியான கம்பிகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாவது கம்பியே விரலிலிருந்து நழுவியது; வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது தறியிலும் அவள் போடும் முடிச்சு நிற்பதில்லை.

“எம்மேல கோவமா மே?” என்றான் ஹரிபாபு.

“கோவப்பட்டா எலும்பு நேராயிடுமா, இன்னா?”

உள்ளே கூப்பிட்டார்கள். வைத்தியர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். அது பாதியில் நின்றது.

“கோணலாவே ஒட்டிக்கிச்சிம்மா. நாப்பது நாளுன்னு சொன்னேனே, யாரு அவுத்தது?”

ஹரிபாபு தலை நிமிரவில்லை.

“நான்தான்,” என்றாள் சந்தியா.

வைத்தியர் கையை விட்டுவிட்டார். அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. மேசைமேல் இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தாள்.

“ஐயா, திரும்ப ஒடச்சி, நூல் புடிச்சா மாதிரி கட்டிவுடுங்க. இந்த வாட்டி அவுக்கமாட்டேன்.”