அபர்தீனில் மூன்றரைக்கே பொழுது சாய்கிறது

என் அண்ணனுக்குக் குளிர்கிறது என்று வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நான் மட்டும் பொறாமைப்பட்டேன். திண்டிவனத்தில் ஜனவரி மாதம் ஒரு போர்வைக்கு மேல் குளிராது. குளிரில் நடுங்குவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது.

அண்ணன் சுமதிகுமார், எண்பத்து நாலு செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்குப் போனான். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிப்பு. பொங்கல் கழிந்து அவன் பேசி அனுப்பிய கேசட் தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தன் மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே இருந்த டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவனே வந்து எதிரில் உட்காரப் போவது போல அம்மா தலையைக் கோதி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பொத்தானை அமுக்கும் வேலை எனக்கு.

"அப்பா, அம்மா, மதி, நல்லா இருக்கறேன். ரூம்ல இருந்து பார்த்தா கடல் தெரியுது. இங்க புரொபசரையே பேர் சொல்லித்தான் கூப்புடறாங்க. எனக்கு இன்னும் வாய் வரல. லைப்ரரி ராத்திரி பத்து மணி வரைக்கும் தொறந்திருக்குது. எவ்ளோ புக் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

நான் விழுப்புரம் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம்; தினமும் ரயிலில்தான் போய் வருவேன். எங்கள் நூலகத்தில் புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். கண்ணாடி வழியாக முதுகை மட்டும் படிக்கலாம். இவன் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறானாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு என் நோட்டைப் பார்த்து எழுதியவன்.

சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிறேன் என்று தீபாவளிக்கு முன்பே அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. ஹாஸ்டலில் ராத்திரி ஏழரைக்குத்தான் சாப்பாடு. நாங்கள் சமணர்கள், மண்ணுக்கடியில் விளைவதைத் தொடுவதில்லை, பொழுது சாய்ந்தபின் வாயில் எதையும் வைப்பதில்லை. "பொம்பளப் புள்ள, பழக்கம் கெட்டுப்பூடும்" என்று முடித்துவிட்டார். கடல் தாண்டிப் போனவனுக்கு அந்தக் காரணத்தை யாரும் எடுக்கவே இல்லை.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பாடுதான் கொஞ்சம் பேஜாரு. எதைத் தொட்டாலும் உருளைக்கிழங்கு, வெங்காயம். ரொட்டி, பால், ஆப்பிள்ல ஓட்டறேன். டிசம்பர்லேருந்து மூணரை மணிக்கே பொழுது போயிடுது. கிளாஸ் முடியறதே நாலு மணிக்கு. மத்த பசங்க சாப்புடறப்ப நான் சும்மா பேசிக்கினு உக்காந்திருக்கறேன். ராத்திரி பசியில தூக்கம் வரமாட்டேங்குது. ஆனா விடலம்மா."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "எம்புள்ள பட்டினி கெடக்குதே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து நடந்தார், திரும்பி வந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

"அங்க இருக்கற சூரியனை அவன் ஏன் பார்க்கணும்? நம்ம ஊரு பொழுதையே கணக்கு வச்சிக்கினு சாப்புடட்டும். அவன் திண்டிவனத்துப் புள்ளதானே. தப்பில்ல."

எனக்கு வயிறு எரிந்தது. ஏழரை மணி என்பதற்காக என் எம்.எஸ்ஸி.யைத் தள்ளிவிட்டவர், மகனுக்காகச் சூரியனையே தள்ளி வைக்கிறார்.

"அப்பா, நமக்கு ஆறு மணின்னா அவனுக்குப் பன்னெண்டரை. மத்தியானம் பன்னெண்டரைக்கே அவன் வாயைக் கட்டிடணும். அதுக்கப்புறம் நமக்கு விடிஞ்சாத்தான் சாப்புடலாம். அங்க அது நடு ராத்திரி."

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "நீதான் கணக்குல புலியாச்சே. எந்த மாசம் எத்தினி மணிக்குப் பொழுது சாயும்னு அவனுக்குப் போட்டுச் சொல்லு. இன்னிக்கே பேசி அனுப்பிடலாம்" என்றார்.

அதையும் செய்தேன். அபர்தீன் வடக்கே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பழைய அட்லஸில் பார்த்து, மாதாமாதம் பொழுது சாயும் நேரத்தைக் கணக்குப் போட்டேன். என் படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் வேலை, அண்ணன் எப்போது சாப்பிடலாம் என்று சொல்வது. எரிச்சலில் பென்சில் இரண்டு தடவை உடைந்தது.

புது கேசட்டைப் போட்டேன். முதலில் அப்பா பேசினார், பிறகு அம்மா அழுதாள். மூன்றாவதாக மைக் என்னிடம் வந்தது.

"அண்ணா, மூணு மணிக்கே எங்கியாவது ஒதுங்கி ரொட்டியத் தின்னுடு. மார்ச்சுல ஆறு மணி வரைக்கும் பொழுது இருக்கும். ஜூன்ல பத்து மணி வரைக்கும் சாப்புடலாம். உனக்குப் பேஜாரு இந்த ரெண்டு மூணு மாசந்தான். பசியில தூக்கம் வரலன்னா குப்புறப் படு. வயித்துக்கு அடியில தலகாணிய வச்சிக்க. கொஞ்ச நேரத்துல தூங்கிடுவே. நான் மூணு வருஷமா அப்டித்தான் தூங்கறேன்."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "என்னாடி சொல்ற?"

"விழுப்புரத்துல ட்ரெயின் ஏறும்போதே அஞ்சேகால். விக்கிரவாண்டியில கிராசிங்னு நிறுத்திடுவான். பேரணி ஸ்டேஷன் வரும்போது பொழுது போயிடும். நான் வீட்டுக்கு வர்றப்ப நீ ஏனம் எல்லாம் கழுவிக் கவுத்திருப்பே. நான் எப்ப சாப்புடறேன்னு நெனச்சே?"

"நீ டப்பாவுல மிச்சம் வச்சி ட்ரெயின்ல சாப்புடுவேன்னு நெனச்சேன்."

"அந்த டப்பா மத்தியானத்துக்கே பத்தாது."

"ஏன் வாயத் தொறந்து சொல்லல?"

"சொன்னா பொழுதோட வீட்ல இருன்னுவீங்க. காலேஜை நிறுத்திடுவீங்க."

நான் சொன்னது பொய் என்றாவது அப்பா சொல்வார் என்று பார்த்தேன். அவர் டேப்ரிக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனையும் அதில் ஏறிவிட்டது. நிறுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மெட்ராஸ் ஹாஸ்டல்ல, ஆறுக்கு முன்னாடி சாப்பாட்டை வாங்கிக்க விடுவாங்களான்னு கேளு."

"விடுவாங்க. கேட்டுட்டேன்."

"சரி. அப்ப போ."

அவ்வளவுதான். நான் எத்தனையோ நாள் கனவில் கேட்ட வார்த்தை. அம்மா என் தலையைத் தடவிவிட்டு, அந்தச் சாயங்காலம் பொழுதுக்கு முன்னால் என்னை உட்கார வைத்துச் சூடாகக் கேப்பை அடை போட்டாள். சாப்பிடச் சாப்பிட இன்னும் இன்னும் என்றாள். நானும் சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் பாதி அடையில் மனசு திரும்பிக்கொண்டது. மூன்று வருஷமாக இதே வீட்டில், அடுத்த அறையில் குப்புறப் படுத்திருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு மாசம் கடலுக்கு அந்தப் பக்கம் பசித்துக் கிடந்தான், வீடே அழுதது. அந்த அழுகையில் மிச்சம் இருந்ததுதான் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் கேசட்டைப் பார்சல் கட்டினோம். முகவரியை நான்தான் எழுதினேன். அவன் பெயரை அழுத்தி எழுதியதில் பேனா முனை அட்டையைக் கிழித்துவிட்டது. அம்மா அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டி, "நல்லா எழுதுடி, அவனுக்குப் போய்ச் சேரணும்" என்றாள்.