தூதுவர் பேசிய தமிழ்

குஞ்சித்தம்பிக்கு அன்றைக்கு வாய் நிறையச் சிரிப்பு, வயிறு நிறைய எரிச்சல். கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் தங்கை தெய்வநாயகி வீட்டு சோபாவில், சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு நேர் எதிரே, கோட்டுப் பையில் ஒரு டிவிடியோடு உட்கார்ந்திருந்தார். தங்கை மகள் மதுராவைத் தன் மகன் அபிஷனுக்குக் கேட்டவர் அவர். தாய்மாமன் கேட்டால் மறுப்பார்களா? மறுத்தார்கள். மதுரா முகத்துக்கு நேரே சிரித்துவிட்டாள். அபிஷனும் சிரித்தான், அது வேறு கதை. இப்போது அவளுக்குச் சென்னைப் பையன். அவனைப் பெற்ற மோகனசுந்தரமும் அம்புஜமும் கேசரி சாப்பிட, தாய்மாமன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

எல்லாம் மைத்துனன் சிவரூபனின் வேலை என்பது அவருடைய தீர்ப்பு. அது பழைய கறுவம். மட்டக்களப்பிலிருந்து இரண்டு பேரும் லண்டனுக்கு ஓடிப்போய் ஒரே அறையில் கிடந்த காலத்திலேயே அவருக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. கையில் ஒன்றுமில்லாத பயல், அவனுக்கு என் தங்கச்சி கேட்குதோ என்று. ஆனாலும் அவன் வீட்டுக்கு வராமல் இருக்க முடியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த நாட்டில் அவர் தட்டாமல் நுழையக்கூடிய கதவு தங்கையுடையது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைச் சோறும் அங்கேதான். பஸ் போகாத அந்த ஊருக்கு அவரை ஏற்றிக்கொண்டு வருவதும் சிவரூபனின் கார்தான். அதற்காக நன்றி சொல்ல அவர் என்ன பைத்தியமா?

டிவிடி ஒஷாவாவில் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பகிடிப் படம். ஒரு தேத்தண்ணிக் கேத்தல் பிரதமராகிவிடுகிறது. அது கொதிக்கும்போதெல்லாம் மந்திரிமார் எழுந்து கைதட்டுகிறார்கள். உலக நாட்டுத் தூதுவர்கள் வந்து அதன் மூக்கை முத்தமிடுகிறார்கள். பெட்டியின் பின்பக்கத்தில், இடுப்பில் கோழி இறகும் தலையில் மா அரிக்கும் அரிதட்டுமாக ஒரு தூதுவர் நிற்கிறார். பார்த்தால், சிவரூபன். லண்டனில் ஒருநாள் சம்பளத்துக்கு அவன் ஏதோ படத்தில் கூட்டத்தோடு நிற்கப் போய் வந்தது குஞ்சித்தம்பிக்கு ஞாபகம் வந்தது.

வீட்டில் பழைய லப்டொப்பில் போட்டுப் பார்த்தார். அதன் ஸ்பீக்கர் செத்துப் பல காலம், சத்தம் வராது. வராவிட்டால் என்ன, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. சிவரூபன் கையை ஆட்டி ஆட்டிக் கத்த, எழுத்து சொன்னது: ‘எங்கள் ஆடுகளைத் தருகிறோம், உங்கள் தூறல் மழையைத் தாருங்கள்.’ தனியே இருந்து கண்ணீர் வரச் சிரித்தார். சென்னைக்காரர் இதைப் பார்த்தால் போதும், கோமாளி வீட்டில் பெண் எடுப்பதா என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

“எங்கட சிவரூபன் படத்தில நடிச்சவர், தெரியுமோ?” என்று டிவிடியை வெளியே எடுத்தார்.

சிவரூபனுக்கு முகம் வெளிறிவிட்டது. “உதை உள்ளுக்கு வை மச்சான்.”

“ஏன், வெக்கமோ?”

“எனக்கொரு வெக்கமும் இல்ல. உனக்காகத்தான் சொல்றன். வேணாம்.”

“எனக்காகவாம். கேட்டியளோ?” என்று சபையைப் பார்த்துச் சிரித்தார்.

“டாட், சீரியஸ்லி? யூ வேர் இன் அ மூவி?” என்று மதுரா பாய்ந்து வந்து வாங்கி, தன் பழைய கேம் பெட்டிக்குள் தள்ளினாள். தெய்வநாயகி ஈரக்கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்து நின்றாள். இப்படியொரு படத்தைப் பற்றிப் புருஷன் அவளிடம் மூச்சே விட்டதில்லை.

கேத்தல் கொதித்தது. மந்திரிமார் கைதட்டினார்கள். “எங்க ஆபீஸ்லயும் இதேதான் நடக்குது” என்று மோகனசுந்தரம் வயிறு குலுங்கச் சிரித்தார். குஞ்சித்தம்பிக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை, இறகு வரட்டும் என்று இருந்தார்.

இறகு வந்தது. பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர். இளம் சிவரூபனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“அடேய் குஞ்சித்தம்பி, கேளுடா. நான் வெள்ளைக்காரியக் கலியாணம் கட்டிப்போட்டன் எண்டு ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னது நீதானே? என்ட நாயகி சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறாளாம். நீ அவளுக்குக் கூடப்பிறந்தவனோ, பேயோ? கட்டையில போவாய்.”

கீழே ஆடும் தூறலும் ஓடி முடிந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவர் டிவிடியில் வாங்கி வந்து வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்தை நம்பினவருக்கு, அந்த வாயில் தமிழ் இருக்குமென்று தோன்றவே இல்லை.

அந்த வேகத்து மட்டக்களப்புப் பேச்சு அம்புஜத்துக்குப் பிடிபடவில்லை. “ஆடு கேக்கறாரா, குடுக்கறாரா?” என்றாள்.

சிவரூபன் தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்கட பாஷையில என்னவும் கத்து, ஒருத்தருக்கும் விளங்காது எண்டாங்கள் படக்காரங்கள். அண்டைக்கு விடியக்காலமதான் எனக்கு விசயம் தெரியவந்தது” என்றான்.

“திரும்பப் போடு புள்ள” என்றாள் தெய்வநாயகி. மதுரா போட்டாள். தெய்வநாயகி நின்றபடியே முழுதும் கேட்டாள்.

ஊர்க் கடை போனுக்கு யாரோ எடுத்துச் சொன்ன அந்தச் செய்தியில் அவள் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சொன்னவன் யாரென்று தெரியாமலே, அவன் நாக்கு அழுகவேண்டும் என்று றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு வருடா வருடம் தேங்காய் உடைக்கிறாள்.

“தேங்காய்ப் பையப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டது நீங்கதானே அண்ணன்” என்றாள்.

“புள்ள, அது உன்ட நன்மைக்கு…”

“உங்கட சப்பாத்து வாசலில கிடக்கு.”

குரலை உயர்த்தவில்லை. அம்புஜத்தின் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

குஞ்சித்தம்பி காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். எப்படியும் சிவரூபன்தான் கொண்டுபோய் விடவேண்டும். சிவரூபன் வந்தான், ஆனால் கையில் சாவி இல்லை, டிவிடிதான் இருந்தது. அதைக் குஞ்சித்தம்பியின் கோட்டுப் பையில் அவனே செருகினான்.

“டக்ஸிக்குச் சொல்லியிருக்கு.”

“இவ்வளவு காலமும் ஏன்டா அவளிட்டச் சொல்லேல்ல?”

“அவளுக்குக் கூடப்பிறந்தவனெண்டு நீ ஒருத்தன்தான் இருந்தாய்” என்றான் சிவரூபன். உள்ளே போய்க் கதவைப் பூட்டினான்.