பூண்டு நிறுத்திய மாதம்

மயிலாப்பூரில் மாடு வைத்துப் பிழைப்பவளுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. என்னிடம் இருப்பது ஒரே பசு, செவலை. அது கறந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்த ஊரில் புல்லுக்கு எங்கே போவது? நொய்க்கஞ்சியும் கல்யாண வீட்டு மிச்சச் சோறும்தான் தீனி. வெறும் சோறு மாட்டு வயிற்றில் புளித்துப் பொங்கும். அதனால் தினமும் சாயங்காலம் பூண்டு, ஓமம், சுக்கு மூன்றையும் இடித்துத் தீனியில் கலந்துவிடுவேன். இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

போன மாதம் விஜயலக்ஷ்மி மாமி வீட்டு வாசலில் கறந்து கொடுத்தேன். மாமி செம்பை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பூண்டு வாசனை அடிக்கிறதாம், பெருமாளுக்கு எப்படி நைவேத்தியம் பண்ணுவதாம். மறுநாள் அந்தத் தெருவில் நாலு வீடும் அதையே பாடியது. டிப்போ புட்டிப் பாலுக்கு மாறிவிடுவதாக மிரட்டல் வேறு. மருந்து இல்லாவிட்டால் மாட்டுக்கு ஆகாது என்று தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? எல்லாவற்றையும் நிறுத்தித் தொலைத்தேன்.

அமாவாசை வந்தது. நாலு வீட்டிலும் பசுவுக்குப் புண்ணியச் சோறு. போதும் என்று நான் கயிற்றை இழுக்கிறேன், மாமி பருப்புச் சாதத்தை உருட்டி உருட்டி ஊட்டுகிறாள்.

"அது வேண்டாம்னு சொல்லலையே தேவானை, நீ ஏண்டி தடுக்கறே?"

மத்தியானம் மாமி வீட்டு வாசலிலேயே செவலை படுத்துவிட்டது. இடது வயிறு மத்தளமாக உப்பிக் கிடந்தது. அசை போடவில்லை, மூச்சு இழுத்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கடைக்கு ஓடிப் பூண்டும் ஓமமும் வாங்கி வந்து நசுக்கினேன். மாமி நல்லெண்ணெய் கொடுத்தாள். கலக்கி, மூங்கில் குழாயால் தொண்டையில் புகட்டி, கை ஓயும்வரை வயிற்றைத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய ஏப்பம் விட்டது. மெல்ல எழுந்து நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"பாவம், அப்பலேர்ந்து பட்டினியா கெடக்கு. இதை மட்டும் குடுத்துடறேன்."

கிண்ணத்தைப் பிடுங்கி, அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் நானே தின்றேன்.

"புண்ணியம் உங்களுக்கு வந்துடும் மாமி. இன்னிக்கிலேர்ந்து மாட்டுக்குப் பூண்டு உண்டு. பால் வேணும்னா செம்பைக் கொண்டாங்க, வேணான்னா டிப்போவுக்குப் போங்க."