நாலு மணித் தட்டு

"கொஞ்சமா போடுங்க, கொஞ்சமா. அவரால முழுங்க முடியாது."

வாய்க்கரிசி போட நீண்ட கைகள் அப்படியே நின்றன. சொன்னது சபாபதியின் மனைவி தனலெட்சுமி அல்ல. கூட்டத்துக்குப் பின்னால், வெள்ளைச் சுடிதாரில், ஒல்லிக்குச்சியாக நின்ற ஒருத்தி. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவர் விழுங்கினால் என்ன, விக்கினால் என்ன?

அதே வார்த்தைகள் தனலெட்சுமியின் நாக்கு நுனிவரை வந்திருந்தன. ஆறு வருடமாக அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். கடைசி நாளில் அதையும் ஒருத்தி தட்டிப் பறித்துவிட்டாளே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரென்று கேட்கத் தேவையில்லை. மார்க்கிரட். "எங்க குரூப் மார்க்கிரட்" என்று சபாபதி வாய் நிறையச் சொல்வார். புற்றுநோயால் இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டவர்கள் வியாழக்கிழமைதோறும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் கூடுவார்கள். அவர் கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போவார். போகும்போது நோயாளி, வரும்போது புது மாப்பிள்ளை.

வீட்டிலோ நாளைக்கு ஏழு வேளை, எல்லாம் குருவிச் சாப்பாடு. நாலு மணிக்கு இரண்டு இடியாப்பம். போனில் அலாரம் வைத்து, எதிரே உட்கார்ந்து, "நல்லா மென்னு சாப்பிடுங்க" என்று தனலெட்சுமி ஒவ்வொரு கரண்டியாக எண்ணுவாள். ஆறாவது கரண்டியோடு "போதும் லா, தனம்" என்று தட்டைத் தள்ளிவிடுவார். பாதி அப்படியே கிடக்கும். ஆனால் வியாழன் சாயங்காலம் அவர் சட்டையில் தேங்காய்ப்பால் சொதி மணக்கும். அவளும் யூடியூப் பார்த்துச் சொதி வைத்தாள். அதிலும் ஆறே கரண்டி. வயிறே இல்லாத மனுஷனைக் கட்டிக்கொண்டு வயிறெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கடைசியில் அவர் போனது அந்த நோயாலும் அல்ல. நேற்றுக் காலை காய் வாங்கப் பாசாருக்குக் கிளம்பியவர் கேட்டருகே சரிந்தார். மாரடைப்பு.

மூன்றரை மணிக்கு மகன் விமலனும் மற்ற ஆண்களும் உடலோடு கிளம்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் குளிக்கப் போனார்கள். மார்க்கிரட் மட்டும் கிராப் வாடகைக் காருக்காகக் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தனலெட்சுமியின் போன் அடித்தது. நாலு மணி. அதே நொடியில் மார்க்கிரட்டின் கைப்பைக்குள்ளும் ஒன்று அடித்தது.

"சாரிக்கா" என்று அவள் பையைத் துழாவினாள். "எனக்கும் இதான் சாப்பாட்டு டைம்."

தனலெட்சுமி தன் அலாரத்தை நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை.

"அங்க அவரு முழுசா சாப்பிடுவாரா?"

மார்க்கிரட் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்ல வரவில்லை போலும்.

"சாப்பிடுவாருக்கா."

"அப்படி என்னா செஞ்சு குடுத்தீங்க?"

"நான் எங்கக்கா செஞ்சேன்? இடியாப்பம், சொதி எல்லாம் கீழ கடையில தப்பாவ் பண்ணி, பொட்டலமா வாங்கிட்டு வர்றதுதான்." கொஞ்சம் தயங்கினாள். "தட்டை எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காந்துக்குவோம். யாரும் யாரையும் பாக்கக் கூடாது, அதான் எங்க ரூல். வீட்டுல பாசமாத்தான் பாக்குறாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா வாயையே பாத்துக்கிட்டிருந்தா தொண்டையில எறங்காதுக்கா."

பதில் சொல்ல வேண்டியவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தனலெட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு இராஜம்மா இடியாப்பம் கொண்டுவந்து வைத்திருந்தாள். சபாபதியின் சின்னத் தட்டில் இரண்டு எடுத்து வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, அவருடைய கரண்டியையும் போட்டு, மார்க்கிரட்டின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

பழக்கதோஷத்தில் எதிர் நாற்காலியை இழுத்தவள், அதைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கழுவிவிட்ட போர்ட்டிகோவில் இன்னும் ஈரம் காயவில்லை.

முதுகுக்குப் பின்னால் கரண்டி தட்டில் பட்டது. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தாள். நாலு. ஐந்து. ஆறு.

ஏழாவதும் கேட்டது.