ராவி அழித்த பேர்

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த சங்கரபாண்டிக்கு நல்ல மனசு உண்டு. கையெழுத்து வாங்கி வைக்கிற புத்திதான் கிடையாது. அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் அது அவரை விற்பனை வரி ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தியது.

விஷயம் இதுதான். குற்றாலத்து வேல்சாமி, மகள் கல்யாணச் சீருக்கு அண்டா, குடம், தவலை என்று முப்பத்தெட்டு உருப்படியும் ஒரு செம்பும் அவரிடம் வாங்கியிருந்தார். சீர்ப் பாத்திரம் என்றால் பெண்ணின் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். குழல்வாய்மொழி என்ற பேர் குடத்தின் கழுத்தைப் பாதி சுற்றிவிட்டது. பேர் வெட்டிய ஆசாரி கை போச்சு என்று புலம்பினார். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். வேல்சாமி பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தலை நிமிராமல் கடை வாசலில் நின்றார்.

பேர் வெட்டின பாத்திரத்தை எந்தக் கடைக்காரனும் திரும்ப எடுக்கமாட்டான். சங்கரபாண்டி எடுத்தார். பில்லில் வாங்கிய வரி அதற்குள் சர்க்காருக்குப் போயிருந்தது. விற்காத பொருளுக்கு வரி ஏது என்று விலையோடு அதையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தார். நொந்து நிற்கிற மனுஷனிடம் கையெழுத்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதோடாவது விட்டாரா? அந்தப் பெண்ணின் பேரை நாலு பேர் பார்த்துச் சிரிக்கக்கூடாதென்று அன்றைக்கே ஆசாரியை உட்காரவைத்து, முப்பத்தெட்டிலும் பேரை அரத்தால் ராவி அழித்துவிட்டார். இருந்த ஒரே அத்தாட்சியும் போயிற்று.

அடுத்த மாதக் கணக்கில் அந்த விற்பனையைக் கழித்துக் காட்டியதும் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"திரும்பி வந்த சரக்கைக் கழிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கு. ஆனா, வந்ததுக்கு அத்தாட்சி எங்கே? ஆசாரி உங்க ஆள், அவர் சாட்சி செல்லாது. வாங்கினவங்க கையெழுத்தோட திங்கட்கிழமை வாங்க. இல்லேன்னா பொய்க்கணக்குன்னுதான் எழுதணும்."

வரியும் அபராதமும்கூடப் போகட்டும். பொய்க்கணக்கு என்ற சொல்தான் சங்கரபாண்டியைச் சோறு தின்னவிடவில்லை. குற்றாலத்துக்குப் போனார். வேல்சாமியின் தெருமுனை வரை போய்ச் சாரலில் நனைந்துகொண்டு நின்றார். ஆறாத புண்ணை எப்படிக் கிளறுவது? அப்படியே திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு ஆபீசர் முன்னால் நின்றார். அப்போது, ஆண்களே நிறைந்திருந்த அந்த ஆபீசுக்குள் ஒரு பெண் தனியாக நுழைந்தாள். சேலை முந்தானை நனைந்திருந்தது.

"ஆசாரி சொன்னாரு, அண்ணாச்சி. எங்க ஐயாவுக்கு வர ஏலாது. நான் வந்திருக்கேன். நான்தான் குழல்வாய்மொழி."

முப்பத்தெட்டுத் தடவை வெட்டவும் அழிக்கவும் வைத்த பேர். முகத்தை அவர் இப்போதுதான் பார்த்தார்.

அவள் மடியிலிருந்து ஒரு செம்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் பேரும் முகூர்த்தத் தேதியும் பளிச்சென்று இருந்தன.

"இது ஒண்ணைத்தான் நான் திருப்பிக் கொடுக்கல. கல்யாணம் நின்னுபோச்சு, சார். மத்தது பூரா அண்ணாச்சி கடைக்கே போயிட்டு. வரியோட ரூவாயும் வந்துட்டு. எங்கன கையெழுத்துப் போடணும்?"

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. ஆபீசர் செம்பைத் திருப்பித் திருப்பிப் பேரைப் படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு எழுத்து விடாமல் முழுப் பேரையும் எழுதினாள்.

வெளியே வந்ததும் சங்கரபாண்டி கையை நீட்டினார். "செம்பைக் குடு தாயி. பேரை அழிச்சு, மெருகு போட்டுத் தாரேன்."

அவள் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி? தெனமும் இதுலதான் தண்ணி குடிக்கேன். எம் பேருதானே."

தான் அன்றைக்கு எதை ராவி எறிந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சாரலில் அவள் பஸ் நிலையத்தை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தபடி நின்றார்.