அந்தரத்தில் நின்ற பொன்மொழிகள்

மேதை இறந்த அன்று, அவருடைய பொன்மொழிகள் வழிவிடாததால் உடலை வாசல் வழியாக வெளியே கொண்டுவர முடியவில்லை. ஜன்னல் கம்பிகளை அறுத்துத்தான் எடுத்தார்கள். மேதை என்பது ஊர் வைத்த பெயர். வாழ்க்கையைப் பற்றியும் மனித சுபாவத்தைப் பற்றியும் அவர் எதைச் சொன்னாலும் அது காற்றில் கரையாமல், சொன்ன இடத்திலேயே, சொன்ன உயரத்திலேயே, துணி காயப்போடும் கொடி மாதிரி விறைப்பாக நின்றுவிடும். காதை வைத்தால் அவர் குரல் கேட்கும். நின்றுகொண்டு சொன்னவை விருந்தாளிகளின் நெற்றியில் இடிக்கும். உட்கார்ந்து சொன்னவை, அவர் மனைவி ஏந்திவரும் காபித் தட்டில் இடிக்கும். மனுஷர் பெரும்பாலும் உட்கார்ந்தேதான் இருந்தார்.

வருகிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், நெற்றியைத் தடவிவிட்டுக் கைதட்டுவார்கள், இன்னொரு காபி கேட்பார்கள். அதனால் அவள் ஒரு பொன்மொழியையும் முழுதாகக் கேட்டதில்லை. பாதி கேட்கும்போதே பால் பொங்கிவிடும். ஒரு மேடையில் மேதை, "என் வீடு என் பொன்மொழிகளுக்கே சொந்தம்" என்று போகிறபோக்கில் சொல்லிவைக்க, கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நகைச்சுவை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வக்கீல் அதை அப்படியே உயிலாக்கிவிட்டார். பொன்மொழி ஒன்றே ஒன்று நின்றாலும் வீடு, அவர் பேரில் ஊர் அமைக்கும் நினைவுக் குழுவுக்கு. ஒன்றும் இல்லாமல் போனால்தான் மனைவிக்கு.

குழுத் தலைவர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். குனிந்து நெளிந்து உள்ளே வந்து, "அவசரமே இல்லம்மா. அடுத்த மாசம் நினைவு இல்லம் திறப்பு விழா. அதுக்குள்ள உங்க தம்பி வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா போதும்" என்றார். தம்பி பெண்டாட்டி மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஏற்கெனவே இடம் ஒழித்து வைத்திருந்தாள். சொந்த வீட்டில் வளைய வந்தவளுக்குச் செருப்புக்குப் பக்கத்தில் படுக்கை என்றால் வயிறு எரியாதா? எரிந்தது.

மறுநாள் காலை, முதல்முறையாகத் தனக்கென்று காபி போட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தட்டு இடித்துக் காபி முழுக்கப் புடவையில் கொட்டியது. இடித்தது எது என்று காதை வைத்துப் பார்த்தாள். 'எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு ஏமாற்றம் இல்லை' என்றார் மேதை.

"அப்படியா? அப்புறம் எதுக்குக் காபில சர்க்கரை கம்மின்னு அந்தக் கத்து கத்துனீங்க?" என்றாள் எரிச்சலோடு.

பொன்மொழி பொத்தென்று தரையில் விழுந்தது. இத்தனை வருஷமாக அவற்றைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, ஒருவரும் பதில் சொன்னதில்லை. அவள் புடவையைக்கூட மாற்றாமல் அடுத்ததற்குக் காதைக் கொடுத்தாள். 'சும்மா இருப்பதுதான் மனிதனுக்கு மிகக் கடினமான வேலை.' "கஷ்டப்பட்டு உழைச்சீங்க, பாவம்!" பொத். 'கல்யாணமானவன் இரண்டு தடவை யோசித்துப் பேசுவான்.' "அந்த ரெண்டாவது தடவை என்னிக்கு வந்துச்சு, சொல்லுங்க!" பொத்.

உதவிக்கு வந்த மகள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெருக்க முடியாமல் சிரித்தாள். "இவ்வளவு பேச்சை எங்கம்மா வெச்சிருந்த?"

"அடுப்படியிலதான். வேற எங்க இடம் விட்டாரு?"

நாளுக்கு நாள் கூடம் காலியானது. வெளிச்சம் எதிர்ச் சுவர்வரை வந்தது. விழுந்ததையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தார்கள். அவர் தராசில் வைத்துப் பார்த்து, "முள்ளே அசையலியேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திறப்பு விழாவன்று ரிப்பனும் கத்தரியுமாகக் குழுவினரோடு வந்த தலைவர், பழக்கத்தில் குனிந்தே நுழைந்து, இடிக்க ஒன்றும் இல்லாமல் தடுமாறினார். "எல்லாம் எங்கம்மா?" "பதில் சொல்லிட்டேன்" என்றாள். அவர் விடவில்லை. ஒன்று கிடைத்தால் போதுமே! கட்டிலுக்கு அடியில், பரண்மேல், குளியலறையில் என்று துழாவி, கடைசியில் அடுப்படிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், சர்க்கரை டப்பாவுக்கு நேரே ஒன்றைப் பிடித்துவிட்டார். டாக்டர் சர்க்கரையைத் தொடக் கூடாது என்ற பிறகு மேதை திருட்டுத்தனமாக வந்து நிற்கும் இடம் அது. கிசுகிசுத்துச் சொன்னதால் நூல் மாதிரி மெலிந்திருந்தது. யார் கண்ணிலும் பட்டதில்லை. "இருக்கு! வீடு குழுவுக்குத்தான்!" என்று தலைவர் காதை வைத்து, கேட்கக் கேட்க உரக்கச் சொன்னார்:

"இந்த வீட்டில் புத்திசாலி அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்காதவரைக்கும்தான் நான் மேதை."

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கண்தான் நிறைந்தது. "பாவி மனுஷா, இதையா இங்க வந்து ஒளிச்சு வெச்ச" என்று நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை.

தலைவர் கணக்குப் போட்டார். மேதை நினைவு இல்லம் என்று பலகை மாட்டி, இந்த ஒன்றை மட்டும் டிக்கெட் போட்டுக் காட்டினால் ஊர் யாரை மேதை என்று சொல்லும்? ரிப்பனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். "குழுவுக்கு இது தோதுப்படாதும்மா. வீட்டை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லி, ஒரு காபி மட்டும் கேட்டார். பால் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அந்தப் பொன்மொழிக்கு அவளுக்கு ஒரு பதில் தோன்றியது. மற்ற எல்லாவற்றையும்விட நல்ல பதில். சாமான் அறைவரை வேகமாகப் போனவள், சொன்னால் விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள். நுனிக்காலில் எட்டி, கையிலிருந்த ஈரத்துணியை அதன்மேல் காயப்போட்டாள். மெலிசுதான், ஆனால் தாங்கியது. அதற்குப் பிறகு அடுப்படித் துணியெல்லாம் அங்கேதான் காய்கிறது.