ஏழே நெறிக்கட்டி

காசிமேட்டு ஏலத்தில் ஒரு மீன் குறைந்தாலும் கூடையைத் தூக்கவிடாத குப்பம்மா, ஆஸ்பத்திரியிலும் டாக்டரம்மாவை அப்படித்தான் மறித்துக்கொண்டு நின்றாள். மலக்குடல் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து அவள் புருஷன் கோதண்டம் கட்டிலில் கிடந்தான். புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க, குடலைச் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதித்த ரிசல்ட் அன்றுதான் வந்திருந்தது.

“பக்கத்து பெட்டுக்காரருக்குப் பதினாறு நெறிக்கட்டி எட்த்து சோதிச்சாங்களாம். எங்க வூட்டுக்காரருக்கு ஏழுதானா? பாதியில வுட்டுட்டீங்களா?”

டாக்டரம்மா கோபப்படவில்லை. “அவருக்கு நேரா ஆபரேஷன்மா. இவருக்கு முன்னாடியே ரேடியேஷன் கரண்ட் வெச்சு, மருந்தும் குடுத்தோம்ல? அதுல நெறிக்கட்டியெல்லாம் சுருங்கிடும். எவ்வளவு தேடினாலும் கம்மியாத்தான் கிடைக்கும். கிடைச்ச ஏழுல ஒண்ணுலகூட புற்று இல்ல. நோய் திரும்பி வர்ற வாய்ப்பு குறைவுதான். செக்கப்புக்கு மட்டும் தவறாம கூட்டிட்டு வாங்க.”

குப்பம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். “கம்மியா வந்தாலும் நல்லதுதான்னு மொதல்லியே சொல்றதுக்கு இன்னாவாம்?” என்று அதட்டினாலும் வாயெல்லாம் பல்லாக இருந்தது.

கோதண்டம் மெல்லத் தலையைத் தூக்கினான்.

“இத்தினி வருசமா நான் கடல்லேந்து கம்மியா மீன் கொண்ணாந்தப்பல்லாம் இந்தச் சிரிப்ப எங்கடி வெச்சிருந்த?”